ஜெனி வாசித்த வேதபாடம்

செப். 9, செவ்வாய்

கல்கத்தா மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. புழுக்கம். துவைத்த துணி மூன்று நாளாக ஃபேன் அடியில். லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் 8.40ஐத் தவறவிட்டேன். அடுத்ததில் மாஜேர்ஹாட், அங்கிருந்து பஸ்ஸில் நின்றபடியே கார்டன் ரீச் ஆபீஸ். பத்து நிமிடம் தாமதம். பொரோ பாபு, எங்கள் தலைமை எழுத்தர், கடிகாரத்தைப் பார்த்தார்.

தெருவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிவிட்டார்கள். போன வருடமும் இதே வாரம்தான்.

சனிக்கிழமை 13. சாம் போய் ஒரு வருடம். வீட்டில் ஞாபகார்த்த ஜெபம், மாலை 4.

செய்ய வேண்டியவை:
– தெருக் கிளப்பில் நாற்காலி 30 கேட்க. (லிஃப்டில் எத்தனை ஏறும்?)
– கடையில் ஷிங்காரா (இங்கத்துச் சமோசா), சந்தேஷ் இனிப்பு சொல்ல. டீ நானே.
– சாம் படத்துக்குச் சட்டம் மாற்ற. மாலை வேண்டாம்.
– போதகருக்கு நினைவூட்ட.
– ஆபீசில் இரண்டாம் மாடிக்காரர்களுக்குச் சொல்ல. யார்?

கடைசி வரிதான் கஷ்டம். ஜூனிலிருந்து நானும் அதே கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் பணியில் இறந்ததால் மனைவிக்குக் கொடுக்கும் வேலை. தரைத்தளம், தபால் பிரிவு. நாற்பத்து நான்கு வயதில் முதல் வேலை. பி.எஸ்ஸி. கணிதம் இருபத்து மூன்று வருடம் பீரோவில் கிடந்தது. சேர்ந்த மாதமே தபால் பதிவு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தேன். "பௌதி வந்த பிறகு கடிதம் தொலைவதில்லை" என்று பொரோ பாபு யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. பௌதி என்றால் அண்ணி; ஆபீசில் எனக்கு அதுதான் பெயர். வீட்டுக்கு வந்து சாம் படத்திடம் சொன்னேன். வேறு யாரிடம் பீற்றிக்கொள்வது.

ஆனால் இரண்டாம் மாடி ஏறியதில்லை. சாமின் பிரிவு அங்கே. அங்கே தாழ்வாரத்தில்தான் விழுந்தார். டாக்டர் மேலே வரப் பத்து நிமிடம். எனக்கு ஃபோன் வந்து, டாக்ஸி கிதர்பூரில் பூஜைக் கடைக் கூட்டத்தில் மாட்டி, நான் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம். அதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள்.

அந்தப் பத்து நிமிடம் அவரோடு யார் இருந்தது? ஆபீசில் யாரையும் கேட்டதில்லை. "யாரும் இல்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வேன். ஆண்டவரிடம் மட்டும் கேட்டேன், நீர் அங்கே இருந்தீரா என்று. மூன்று மாதம் கேட்டேன். கிறிஸ்துமஸோடு நிறுத்திவிட்டேன். கேள்வியையும் ஜெபத்தையும். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறேன். எல்லாரும் ஜெபிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சமையல் யோசிக்கிறேன்.

போதகரிடம் ஒரு தரம் சொல்லியும் பார்த்தேன். அவர் அருகில் இருந்தார் என்று விசுவாசியுங்கள் என்றார். எனக்கு விசுவாசம் வேண்டாம், சாட்சி வேண்டும் என்றேன். பாவம், நல்ல மனிதர். டீயைக் குடிக்காமலே போனார்.

செப். 10, புதன்

மறுபடி அதே 8.40 தவறிற்று. நாளை அலாரம் பத்து நிமிடம் முன்னால்.

ஜெனி பள்ளியிலிருந்து வந்ததும், ஷூ கழற்றுவதற்கு முன்பே, "மா, சனிக்கிழமை வேதபாடம் நான் வாசிக்கிறேன்" என்றாள். சரி, இங்கிலீஷில்தானே என்றேன்.

"தமிழ்ல. அப்பா எனக்காக எப்பவாச்சும் இங்கிலீஷ்ல ப்ரே பண்ணிருக்காரா?"

பதினாறு வயது. தமிழ் பேசுவாள், தமிழ் எழுத்து ஒன்று தெரியாது. பள்ளியில் இரண்டாம் மொழி வங்காளம், அதில் வகுப்பில் முதல். தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும், வேண்டும் என்று நானும் சாமும் பத்து வருடம் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

ஆகவே: நான் மெதுவாக வாசிக்க, அவள் அதை வங்காள எழுத்தில் எழுதிக்கொள்கிறாள். இரண்டு மணி நேரம். சாம் நீல பேனாவால் கோடிட்டிருந்த பகுதியையே எடுத்தாள். ஆண்டவர் தம்மை வழி என்று சொல்லும் இடம். வேறு எது எடுத்திருந்தாலும் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. வழியாம். எந்தப் பக்கம்?

வாசித்துக் காட்டினாள். முதலில் எல்லா 'வ'வும் 'ப'. வங்காளத்தில் அந்த எழுத்தே இல்லை. மேலே சின்னதாக ஒரு குறி போட்டுக்கொண்டாள். அப்புறம் ழ.

"இது இந்த லாங்குவேஜ்லயே இல்ல மா. நான் என்ன பண்ண?"

'ல'வுக்குக் கீழே இரண்டு புள்ளி வை, புள்ளி வந்தால் நாக்கை மடி என்றேன். மடித்தாள். காறித் துப்பப் போகிறவள் மாதிரி இருந்தது. இருவருக்கும் சிரிப்பு. வீட்டில் சத்தமாகச் சிரித்து எத்தனை நாள்.

வாய்க்குள்ளேயே வாசித்துக்கொண்டு பல் தேய்க்கிறாள் இப்போது. இவளை நான்தான் பெற்றேன்.

செப். 11, வியாழன்

அலாரம் அடித்தது, அணைத்துவிட்டேன்.

மதியம் மாடிப்படி அடியில் பரிமல்-தாவைப் பிடித்தேன். சாமின் பிரிவில் பியூன், எல்லாருக்கும் 'தா', அண்ணன், அடுத்த வருடம் ஓய்வு. சாம் இருந்த நாளில் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் என் முறுக்கில் ஒரு டப்பா இவருக்குப் போகும். ஜூனிலிருந்து என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். ஒருமுறை படியில் எதிரே வந்தவர், பாதியிலேயே திரும்பி மேலே ஏறிப் போனார். செத்தவன் பெண்டாட்டி தினமும் கண்முன் வருவது சிலருக்குச் சங்கடம், புரிகிறது. ஆனாலும் வலித்தது.

இன்று நேராகப் போய் நின்றேன். சனிக்கிழமை பிரார்த்தனை, மாடியில் எல்லாரிடமும் சொல்லுங்கள் என்றேன். தரையைப் பார்த்தபடி, "ஆஷ்போ, பௌதி" என்றார். வருகிறேன் என்று. வரமாட்டார்.

ஷிங்காரா 60 போதுமா? 70.

செப். 12, வெள்ளி

ஹவுரா போய்ப் பெரியத்தானை அழைத்துவந்தேன். சாமின் அண்ணன், பாளையங்கோட்டை, ரிட்டயர்டு தலைமையாசிரியர். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். இறங்கியதும் முதல் பேச்சு கல்கத்தாவின் வெக்கையைப் பற்றி. திருநெல்வேலியில் பனி பெய்கிறதாக்கும்.

காபி குடித்து முடிக்குமுன் ஜெனியின் நோட்டு கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி.

"என்னட்டி இது? கொடியில துணி காயப்போட்ட மாரி இருக்கு?"

"அந்தக் கொடியிலதான் உங்க தமிழ் தொங்குது, பெரியப்பா."

நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. தாமே வாசிப்பதாகச் சொன்னார். பிள்ளை வேண்டுமானால் இங்கிலீஷில் ஒரு பாட்டுப் பாடட்டும் என்றார். ஜெனி முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யம்மா கிரேஸி, நாலு பேர் வந்த எடத்துல பிள்ள தப்பா வாசிச்சா அது சாமுக்குல்லா கேவலம்."

"சாம் மக வாசிக்கா அத்தான். இதுல கேவலம் என்ன இருக்கு?"

"வேதவசனம்மா. ஒரு எழுத்து மாறுனா அர்த்தம் மாறிரும்."

"மாறுனா மாறட்டும். அவதான் வாசிப்பா."

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவரை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல். காபி டம்ளர்களை எடுத்து அடுக்கினேன். அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். வங்காளச் செய்தித்தாள். கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப். 13, சனி

எழுதிவிட வேண்டும். நாளை வரை வைத்தால் மாறிப்போகும்.

காலை: லிஃப்டில் ஒரு தடவைக்கு ஆறு நாற்காலி. மழை இல்லை. எதிர் ஃப்ளாட் வங்காளத்து அம்மாள், காகீமா, ரஜனிகந்தா என்கிற சம்பங்கி ஒரு கட்டு கொண்டுவந்து தானே ஜாடியில் வைத்தார். நாலு மணிக்கு இருபத்தாறு பேர். சபையார் பாதி, ஆபீஸ் பாதி. பரிமல்-தா வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கடைசி நாற்காலி, கதவை ஒட்டி.

பாட்டு, ஆரம்ப ஜெபம். போதகர் "மகள் வேதபாடம் வாசிப்பாள்" என்றார். ஜெனி எழுந்தாள். என் பழைய மாம்பழநிறப் புடவை. நோட்டைப் பிடித்த கை ஆடவில்லை.

நன்றாக ஆரம்பித்தாள். 'வ' எல்லாம் வந்தது. நிதானம். சாம் வாசிப்பது போலவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின் சிறு நிறுத்தம். நான் சொல்லிக்கொடுத்ததில்லை அதை. அப்புறம் அந்த இடம். அங்கே மட்டும் புள்ளி வைக்க விட்டிருக்கிறாள். வழி என்று வரவேண்டியது வலி என்று வந்தது. நானே வலி என்று ஆண்டவர் சொன்னதாக வாசித்தாள். தெளிவாக, சத்தமாக.

முன்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். பெரியத்தான் தொண்டையைக் கனைத்து, "வழி. வழி" என்றார். ஜெனி நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை அந்தச் சொல்லை அழுத்தி, இன்னும் கவனமாக. மறுபடியும் வலி.

யாரும் சிரிக்கவில்லை. போதகர் தலை குனிந்திருந்தார். அவள் மேலே வாசித்துப் போனாள், கடைசி வரை, ஒரு சொல் விடாமல். உட்காரும்போது என்னைப் பார்த்து லேசாகப் புருவத்தைத் தூக்கினாள். எப்படி, என்று. தப்பே தெரியவில்லை அவளுக்கு.

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அப்பாவுக்காக, எழுதத் தெரியாத மொழியில், இருபத்தாறு பேர் முன்னால். பெருமை பாவம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்தார்கள். இருக்கட்டும்.

இன்னொன்றும். அந்தச் சொல் காதில் விழுந்தபோது ஒரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு வேதவசனத்தை நான் உண்மையாகவே கேட்டேன். சமையல் யோசிக்கவில்லை.

பிரசங்கம், முடிவு ஜெபம், டீ. ஷிங்காரா 70 சரியாக இருந்தது. ஆறு மணிக்கு எல்லாரும் போனார்கள். பரிமல்-தா மட்டும் போகவில்லை. தட்டில் ஷிங்காரா தொடாமல் இருந்தது. கிட்டே வந்து, அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாளே ஒரு வார்த்தை, பெரியவர்கூட நடுவில் ஏதோ சொன்னாரே, அது என்ன என்று கேட்டார். வாசித்ததில் அது ஒன்றுதான் அவருக்குப் பிடிபட்டதாம். திருப்பிச் சொல்லிக் காட்டினார். அவர் வாயில் அது "பொலி" என்று வந்தது.

ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"அன்னிக்கு சாம்-தாதா அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தார், பௌதி."

பரிமல்-தா வங்காளத்தில்தான் சொன்னார். எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே சொன்னார். பதினொன்றரை மணி. சாம் குடிநீர் பிடித்துக்கொண்டு வந்தார். சுவரில் சாய்ந்தார், அப்படியே சரிந்தார். பரிமல்-தாவின் முக்காலி நாலடி தள்ளி. ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். சாம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "பொலி, பொலி" என்றாராம். வங்காளத்தில் பொலி என்றால், சொல்லட்டுமா. பௌதிக்கோ பெண்ணுக்கோ ஏதோ சொல்ல நினைக்கிறார் என்று இவர் காதை வாயருகே வைத்துக்கொண்டு, "பொலுன் தாதா, பொலுன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். சொல்லுங்கள் அண்ணா, சொல்லுங்கள். டாக்டர் வரும்வரை.

கடைசிவரை அவர் எதையும் சொல்லவில்லை, தன் காதில்தான் விழவில்லையோ என்று ஒரு வருடமாகத் தூக்கம் இல்லை என்றார். என்னைப் பார்த்தால், கடைசியாக என்ன சொன்னார் என்று நான் கேட்டுவிடுவேனோ என்று பயம். அதனால்தான் படியில் திரும்பிப் போனது. நான் என்னவெல்லாம் நினைத்தேன் அந்த மனிதரை.

அது எங்கள் மொழி, நோகிறது என்று அர்த்தம் என்றேன்.

தட்டை ஜன்னல் கட்டையில் வைத்தார். வாயைப் பொத்திக்கொண்டார். நோகிறது என்று சொன்னவரையா நான் சொல்லு சொல்லு என்று விரட்டினேன் என்றார்.

"விரட்டல, பரிமல்-தா. அவர் சொன்னார், நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க. பத்து நிமிஷமுமா?"

"பத்து நிமிஷமும். கை அவர் கையிலதான் இருந்தது. கால் மரத்துப்போய் அப்புறம் என்னைத்தான் ரெண்டு பேர் தூக்கிவிட்டாங்க."

சாமுக்கு நொந்தது. அது தெரிந்துவிட்டது இன்று. இனி அதோடுதான் இருக்க வேண்டும். ஆனால் தரையில் கிடக்கவில்லை. ஒரு மடியில் கிடந்தார்.

பரிமல்-தா போனதும் டீக் கப்புகளைக் கழுவினேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இருபத்தாறு கப்.

செப். 14, ஞாயிறு

ஆலயம். பெரியத்தானும் வந்தார். திரும்பி வரும்போது காளிகாட் மெட்ரோவில் இறங்கி, தம் மனைவிக்குச் சங்கு வளையல் வாங்க வேண்டும் என்றார். இங்கே இந்துச் சுமங்கலிகள் போடுவது, கிறிஸ்தவர் வீட்டுக்கு எதற்கு என்றேன். அழகுக்கு என்றார். நாலு கடை ஏறி இறங்கி, அக்காவின் கை அளவு தெரியாமல் வாங்காமலே வந்தோம்.

ஜெனியிடம் தப்பை நான் சொல்லாமல்தான் இருந்தேன். பெரியத்தான் சொல்லிவிட்டார், சாப்பாட்டு மேசையில். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையுந்தான். ரெண்டாவதுதான் நல்லா அழுத்தி."

கண் கலங்கிவிட்டது. அப்பா பெயரைக் கெடுத்துவிட்டேனா என்று என்னைக் கேட்டாள். அவளிடம் பரிமல்-தா சொன்னதை முழுவதும் சொன்னேன். மடி, மணிக்கட்டு, மரத்த கால். நீ சரியாக வாசித்திருந்தால் அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் ஷிங்காரா தின்றுவிட்டுப் போயிருப்பார் என்றேன். பெரியத்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். விரலை வழித்துவிட்டு, "அப்பம் அந்த வார்த்தய எழுதுன எடத்துல புள்ளி வைக்காத, பிள்ள" என்றார். மூக்கை உறிஞ்சினார். மிளகு ரசம் என்று சொல்லிக்கொண்டார்.

யோசிக்கிறேன். வழி என்று சொன்னவரை ஒரு வருடமாக என்னால் நம்ப முடியவில்லை. எந்த வழியும் கண்ணில் படவில்லை. வலி என்று சொன்னால் நம்ப முடிகிறது. ஆணி அடிக்கப்பட்டவர். அவரும் கடைசியில் சத்தமாகக் கேட்டார், ஏன் கைவிட்டீர் என்று. அவருக்கு அந்தச் சொல் தெரியும். எந்த மொழியில் சொன்னாலும் தெரியும்.

ஆனால் இது என் மனம் செய்துகொள்ளும் சமாதானமா? இருக்கலாம். ஒரு பியூன் ஓடிவந்தார், அவ்வளவுதான் நடந்தது என்று ஒருவர் சொன்னால் என்னிடம் மறுப்பு இல்லை. சாட்சி வேண்டும் என்று போதகரிடம் கேட்டது நான். வந்த சாட்சிக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, காளிக்குச் செவ்வாய்தோறும் விரதம் இருப்பவர். இவரை நான் தேர்ந்தெடுத்திருக்கமாட்டேன்.

செப். 15, திங்கள்

பெரியத்தான் ரயிலேறினார். ஹவுராவில் ஜெனி தலையில் கை வைத்து ஜெபித்தார். எனக்கும். ஜன்னல் வழியாக, "அடுத்த வருஷமும் அவளே வாசிக்கட்டும்" என்றார். வண்டி நகர்ந்த பிறகு இன்னும் ஏதோ சொன்னார், கேட்கவில்லை.

நாற்காலி 30 திருப்பியாயிற்று. 29தான் என்கிறார்கள். எண்ணியது நான்.

செப். 17, புதன்

விஸ்வகர்மா பூஜை, இங்கத்து ஆயுத பூஜை. வெயில், காற்று. வானம் முழுக்கப் பட்டம், ரயில் ஜன்னலில் ஒன்று ஒட்டிக்கொண்டு மாஜேர்ஹாட் வரை வந்தது. 8.40ஐப் பிடித்துவிட்டேன்.

ஆபீசில் வேலை இல்லாத மாதிரி. எல்லாரும் கீழே ஷெட்டில், பூஜையிலும் கிச்சுடியிலும். பன்னிரண்டு மணிக்கு ஒரு கடிதம், இரண்டாம் மாடிக்கு. கொடுத்தனுப்ப ஆள் இல்லை. நானே எடுத்துக்கொண்டேன். நாற்பத்தாறு படி.

தாழ்வாரம் நான் நினைத்ததைவிடச் சின்னது. குடிநீர்க் குழாய். முக்காலி, அதன்மேல் மடித்த துண்டு. பரிமல்-தா கீழே போயிருந்தார். நாலடி என்றார். ஐந்து இருக்கும். சுவரில் பாதி உயரம் வரை பச்சை பெயின்ட். கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

கடிதத்தை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்து அங்கேயே நின்றேன். கண்ணை மூடவில்லை. ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். குரல் துருப்பிடித்திருந்தது. சாமுக்காக, ஜெனிக்காக, பரிமல்-தாவின் காலுக்காக. அப்புறம், நீர் இங்கே இருந்தீர் என்று சொன்னேன். இத்தனை நாள் கேட்டதை இன்று சொன்னேன். நாளை மறுபடி கேட்பேனோ என்னவோ.

யாரோ ஃபைலோடு அறையிலிருந்து வெளியே வந்தார். நான் நிறுத்தவில்லை.